குத்தம்பாக்கத்தின் மாதச் செலவுக் கணக்கு

ஓர் ஊர் மாதம் எவ்வளவு செலவு செய்கிறது? ஒரு வீட்டைப் பற்றி இப்படிக் கேட்டால் மளிகை, பால், மருந்து, பள்ளிக் கட்டணம் என்று விரல் மடக்கிப் பதில் சொல்லிவிடுவார்கள். ஊரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள குத்தம்பாக்கத்தில் கேட்டார்கள். அங்கே ஊராட்சி மன்றத் தலைவராக இருந்த இளங்கோ ரங்கசாமி பல மேடைகளில் சொல்லிவந்த கணக்கு இது: ஐயாயிரம் பேர் அளவுள்ள ஊர் மாதத்துக்கு ஏறக்குறைய 60 லட்சம் ரூபாய்க்குப் பொருள்களும் சேவைகளும் வாங்குகிறது. அதில் 50 லட்சம் ரூபாய் அளவுக்கானவற்றை அந்த ஊரிலோ சுற்றுவட்டார ஊர்களிலோ செய்துவிட முடியும். அரிசி, பருப்பு, கடலை எண்ணெய், சோப்பு, ரொட்டி, செங்கல், ஓடு என்று பட்டியல் நீளும். ஊரார் உழைத்துச் சம்பாதித்த பணம் ஊரில் தங்காமல் வெளியே போய்க்கொண்டிருந்தது.

ஏழைகளுக்கு உதவுவதைப் பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒரே பாதையில் ஓடும். கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று ஒரு தரப்பு. கொடுக்காவிட்டால் பட்டினி என்று மறுதரப்பு. வாங்குகிறவரின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதிலேயே இரண்டும் குறியாக இருக்கின்றன. குத்தம்பாக்கத்துக் கணக்கு கேள்வியை மனத்திலிருந்து பாதைக்கு நகர்த்துகிறது. உதவிப் பணம் யார் கைக்குப் போகிறது, எங்கே செலவாகிறது, அடுத்து யாரிடம் சேருகிறது, இதையெல்லாம் முடிவு செய்பவர் யார்? ஒருவரை ஏந்திய கையோடு நிறுத்துவதும் நிமிர்ந்து நிற்க விடுவதும் பெருமளவு இந்தப் பாதையைப் பொறுத்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஊர். 1990களின் தொடக்கம் வரை குத்தம்பாக்கம் கள்ளச்சாராயத்துக்குப் பெயர்போனது. மக்கள்தொகையில் பெரும்பகுதி தலித்துகள்; பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். வயலில் வேலை கிடைக்காத மாதங்களில் கையில் காசு வரும் தொழிலாகச் சாராயம் இருந்தது. காய்ச்சுவதும் வாங்கிக் குடிப்பதும் அதே சனம்தான். குடி, அடிதடி, போலீஸ், ஜாமீனுக்குக் கடன், கடனை அடைக்க மறுபடியும் சாராயம். இதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்த்து அறிவுரை சொன்னவர்கள் ஊருக்குள் வந்து போயிருக்கிறார்கள். அறிவுரையால் அடுப்பு எரிவதில்லை.

இளங்கோ அதே ஊரின் தலித் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிப்பொறியியல் படித்து, ஆயில் இந்தியாவில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரில் விஞ்ஞானியாக இருந்தார். 1994இல் அந்த வேலையை விட்டார். ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் இடம் தந்த 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. அந்த ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்தது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் தலைவரானார், 2001இல் மறுபடியும் வென்றார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் ஓரமாகத் தள்ளும் விவரம் ஒன்று உண்டு. அவர் வேலையை விட்ட பிறகு குடும்பத்தைத் தாங்கியது பொதுத்துறை நிறுவனத்தில் வேலை பார்த்த மனைவியின் சம்பளம். எவரையும் சாராமல் யாரும் எதையும் தொடங்குவதில்லை. நடுத்தர வர்க்கத்துக்கு அந்தத் தாங்கல் சம்பளமாகவும் அப்பாவின் வீடாகவும் மாமனாரின் கைமாற்றாகவும் கிடைக்கிறது. அதை யாரும் சார்பு என்று சொல்வதில்லை.

தலைவரானதும் அவர் கையில் இருந்தது அரசுத் திட்டப் பணம்தான். சாலை, சாக்கடை, குடிநீர்த் தொட்டி, தொகுப்பு வீடு என்று எல்லா ஊராட்சிகளுக்கும் வருவதுதான் இங்கும் வந்தது. வழக்கமான ஏற்பாடு ஊரறிந்தது. எஸ்டிமேட் ஒன்றிய அலுவலகத்தில் போடப்படும். டெண்டர் வெளியூர் ஒப்பந்தக்காரருக்குப் போகும். சிமெண்டும் கம்பியும் நகரத்திலிருந்து வரும். மேஸ்திரி தன் ஆட்களைக் கூட்டிவருவார். வழியில் ஆங்காங்கே சதவீதம் கழியும். வேலை முடிந்ததும் ஊரில் மிஞ்சுவது கட்டடம் மட்டும். ஏழைகளுக்காக ஒதுக்கிய பணம் ஏழைகளின் தெரு வழியாகப் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும், அங்கே தங்கவில்லை.

குத்தம்பாக்கத்தில் இந்த வரிசையை மாற்றினார்கள். வீடு கட்ட ஊர் மண்ணிலிருந்தே அழுத்தப்பட்ட மண்கற்களைச் செய்தார்கள். சூளையில் சுடத் தேவையில்லாத இந்தக் கற்களைச் சிறிது சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்தி எடுக்கலாம். கற்களை அறுத்தவர்கள், சுமந்தவர்கள், அடுக்கியவர்கள் எல்லோரும் உள்ளூர் ஆண்களும் பெண்களும். அவர்களில் சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்த வீட்டார்களும் உண்டு. அதே அரசுப் பணம்தான், ஆனால் இம்முறை வீட்டோடு கூலியும் ஊருக்குக் கிடைத்தது, ஒரு கைத்தொழிலும் சேர்ந்து கிடைத்தது. காவல்துறை வேட்டையால் அடங்காத சாராயம், மாற்று வருமானம் வந்த இடங்களில் குறையத் தொடங்கியது.

இந்தச் சிந்தனைக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு மூத்தவர் உண்டு. தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்துவிட்டுக் காந்தியிடம் வந்தவர். குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் போய் வரவுசெலவு கணக்கெடுத்தவர். 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் அமைப்பாளர். கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் வாழ்ந்தவர். கிராமத்தின் வறுமையைத் தனிமனிதர்களின் குறையாக அவர் பார்க்கவில்லை. கச்சாப்பொருள் வெளியே போய், செய்பொருளாகத் திரும்பிவரும் வழியில் கூலியையும் மதிப்பையும் யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தார். நெல்லை விற்று, மில்லில் தீட்டிய அரிசியைக் கூடுதல் விலைக்கு வாங்கும் ஊர் அவருக்குப் பொருளாதார விநோதமாகத் தெரிந்தது. குத்தம்பாக்கம் அந்தப் பார்வையை ஓர் ஊராட்சியின் நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தது. ஒரே ஊரால் எல்லாவற்றையும் செய்ய முடியாது என்பதால் பதினைந்து, இருபது ஊர்களைச் சேர்த்து, ஓர் ஊர் எண்ணெய் ஆட்ட, இன்னோர் ஊர் பருப்பு உடைக்க, மூன்றாவது ஊர் சோப்புச் செய்ய, தமக்குள் விற்றுவாங்கிக்கொள்ளும் வலைப்பின்னலை இளங்கோ முன்வைத்தார்.

சமத்துவபுரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மு. கருணாநிதி ஆட்சியில் வந்த அத்திட்டத்தின்படி பல சாதியினருக்கும் ஒரே குடியிருப்பில் வீடுகள். குத்தம்பாக்கத்தில் இரட்டை வீடுகளாகக் கட்டினார்கள்: ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். ஐம்பது இரட்டை வீடுகள், நூறு குடும்பங்கள். வறுமை ஒழிப்பில் இது எங்கே வருகிறது என்று கேட்கலாம். தலித் கூலிக்காரர் ஊர்த்தெருவின் தயவில் வாழ்ந்ததுதான் இங்கே இருந்த சார்புகளில் மிகப் பழையது. வேலைக்கும் கடனுக்கும், சில இடங்களில் தண்ணீருக்கும் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. அந்தச் சார்பைத் தொடாமல் சோப்புத் தொழிலைக் கற்றுக்கொடுத்து என்ன பயன்? விற்கப் போகும்போது அந்தச் சோப்பை யார் கையால் வாங்குவார்கள்?

இனி, அதிகம் பேசப்பட்ட சாக்கடை விவகாரம். ஊரில் கழிவுநீர்க் கால்வாய் கட்ட வேண்டியிருந்தது. அரசு மாதிரிப்படி கட்டினால் வந்த பணத்தில் கொஞ்ச தூரம்தான் போகும். அக்கம்பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் கழித்துப்போட்ட கல் துண்டுகள் மலிவாகக் கிடைத்தன. அவற்றைப் பதித்துக் கட்டினார்கள்; செலவு குறைந்தது, கால்வாய் நீண்டது. ஆனால் அங்கீகரித்த மாதிரியிலிருந்து விலகியது குற்றமாயிற்று. தலைவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவர் சத்தியாகிரகத்தில் இறங்கினார், கிராம சபை அவர் பின்னால் நின்றது, விசாரணைக்குப் பிறகு பதவி திரும்பக் கிடைத்தது.

நேர்மையான தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் நடந்த சண்டையாக மட்டும் இதை வாசித்துவிட்டுப் போகலாம். எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. ஏழை ஊர் சொந்த யோசனையில், சொந்தக் கையால், குறைந்த செலவில் காரியம் முடித்தது. உதவி செய்யும் அமைப்பு அதைத்தான் தண்டித்தது. ஏழைகள் சார்ந்தே இருக்கிறார்களே என்று அங்கலாய்ப்பதும், சாராமல் செய்ததற்காக நோட்டீஸ் அனுப்புவதும் ஒரே அரசாங்கம். விதி வேண்டாம் என்று சொல்லவில்லை. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் கணக்குக் கேட்க வேண்டியது யார்? கால்வாயில் தண்ணீர் ஓடுகிறதா என்று தினமும் பார்ப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டல்லவா?

கொடுத்தால் கெட்டுவிடுவார்கள் என்ற பயத்துக்கு இந்த மண்ணில் கொடிய வரலாறு உண்டு. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877 ஜனவரியில், வைசிராய் லிட்டன் சர் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். மாகாண அரசு நிவாரணத்தில் தாராளம் காட்டுகிறது என்பது கல்கத்தாவில் இருந்த இந்திய அரசின் குறை. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் கொடுத்தால் போதும் என்று டெம்பிள் குறைத்தார். இந்த அளவில் உயிர் தரிக்காது என்று மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். வேடிக்கை என்னவென்றால், இதே டெம்பிள்தான் 1873–74 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி இறக்கிப் பட்டினிச் சாவைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்தவர். அதற்காக வீண்செலவு செய்தார், ஏழைகளைக் கெடுத்தார் என்று அவரைப் போட்டு வறுத்தெடுத்தார்கள். அந்தப் பாடத்தைத்தான் சென்னையில் நிறைவேற்றினார். தென்னிந்தியாவிலும் தக்காணத்திலுமாக அப்பஞ்சத்தில் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு.

டெம்பிள் காலத்து நம்பிக்கைக்கு மூலம் இங்கிலாந்தில் இருந்தது. கூலியோடு நிவாரணம் சேர்த்துக் கொடுத்த பழைய ஏழைச் சட்டம் உழைப்பாளியைச் சோம்பேறி ஆக்கிவிட்டது என்று 1834இல் அரச ஆணைக்குழு அறிக்கை கொடுத்தது. நிவாரணம் வேண்டுமானால் சிறைபோன்ற உழைப்பு விடுதிக்குள் வந்து வாங்கிக்கொள் என்ற சட்டம் அதிலிருந்து பிறந்தது. அந்த அறிக்கை திரட்டிய தரவுகளே அதன் முடிவைத் தாங்கவில்லை என்று பொருளியல் வரலாற்றாசிரியர் மார்க் பிளாக் 1963இல் எடுத்துக்காட்டினார். இடையில் நூற்றிருபத்தொன்பது ஆண்டுகள் போயிருந்தன.

இன்றைய ஆய்வுகளும் பழைய பயத்துக்குத் துணைநிற்கவில்லை. பொருளியலாளர் அபிஜித் பானர்ஜியும் மூன்று ஆய்வாளர்களும் ஆறு வளரும் நாடுகளில் நடந்த ஏழு பணஉதவித் திட்டங்களின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்கு ஒழுங்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை. நம் ஊரில் நூறு நாள் வேலைத் திட்டம் வந்தபோது எழுந்த புலம்பலையும் இந்த வெளிச்சத்தில் கேட்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை, எல்லாரும் மரத்தடியில் உட்கார்ந்து பழகிவிட்டார்கள் என்று நிலவுடைமையாளர்கள் சொன்னார்கள். இம்பர்ட், பாப் ஆகிய பொருளியலாளர்கள் இருவரும் இந்தியத் தரவுகளைக் கொண்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில், திட்டம் வந்த மாவட்டங்களில் தனியார் கூலி ஏறக்குறைய ஐந்து விழுக்காடு உயர்ந்திருந்தது. ஆள் கிடைக்காதது உண்மை. பழைய கூலிக்குக் கிடைக்கவில்லை. அரசைச் சார்ந்தார்கள் என்று குறைப்பட்டவர்கள், அதுவரை அவர்கள் தம்மைச் சார்ந்திருந்ததைச் சார்பாகவே எண்ணியதில்லை. ரேஷன் அரிசியும் இப்படித்தான். மாதம் இருபது கிலோ அரிசி வீட்டில் இருக்கும் பெண், அறுப்புக்கு முன்பே கூலியை அடகுவைத்து முன்பணம் வாங்கத் தேவையில்லை.

அப்படியானால் வெறுமனே கொடுத்துவிட்டால் போதுமா? இங்கேதான் குத்தம்பாக்கத்துக் கணக்கு மறுபடி வருகிறது. கென்யாவின் சியாயா மாவட்டத்தில் 2014 முதல் 2017 வரை நடந்த பெரும் சோதனையில் 653 கிராமங்களை எடுத்துக்கொண்டு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு ஏறத்தாழ ஆயிரம் டாலர் வீதம் நிபந்தனையின்றிக் கொடுத்தார்கள். உள்ளே வந்த ஒவ்வொரு டாலரும் வட்டாரப் பொருளாதாரத்தில் ஏறக்குறைய இரண்டரை டாலர் அளவுக்குப் பெருகியது என்று கணக்கிட்டார்கள். விலைவாசி உயர்வு மிகச் சொற்பம். பணம் வாங்காத பக்கத்து வீட்டாரின் செலவும் கூடியது, ஏனென்றால் பணம் முதலில் போனது உள்ளூர்க் கடைக்கும் மாவரைக்கும் மில்லுக்கும் கொத்தனாருக்கும். பணம் பெரும்பாலும் வட்டாரத்துக்குள்ளேயே சுற்றியது.

குத்தம்பாக்கத்துக்கு அந்த வசதி கிடையாது. சென்னை முப்பது கிலோமீட்டர்தான். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்து ஊர்க்காரருக்குச் சொன்னால் புரியும்: எவ்வளவு மழை பெய்தாலும் மதகு திறந்தே கிடந்தால் ஏரியில் தண்ணீர் நிற்காது. தமிழ்நாடு அரசின் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் வருகிறது. அதை வாங்குகிறவர் சோம்பேறி ஆகிறாரா என்று தொலைக்காட்சிகளில் விவாதம் நடக்கிறது. அந்த ஆயிரம் அதே ஊரின் எத்தனை கைகளைத் தொட்டுவிட்டு வெளியேறுகிறது என்று யாராவது கணக்கெடுத்தால் விவாதம் உருப்படியாக இருக்கும்.

வெறுமனே கொடுத்தால் போதுமா என்ற கேள்விக்கு இன்னொரு முயற்சியையும் குறிப்பிடலாம். வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002இல் தொடங்கிய திட்டத்தில் மிக ஏழையான குடும்பத்துக்கு ஆடோ மாடோ கோழியோ தருகிறார்கள். சில மாதங்கள் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம், சேமிப்பு, வாராவாரம் வந்து பார்க்கும் பணியாளர் ஆகியவையும் உண்டு. இரண்டாண்டில் உதவி நிற்கும். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் சோதித்து 2015இல் வெளியிட்ட முடிவுகளின்படி, உதவி நின்று ஓராண்டு கழித்தும் வருமானமும் செலவும் ஒப்பீட்டுக் குடும்பங்களைவிடக் கூடுதலாகவே இருந்தன. மாட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும் நம் கடன்மேளாக்களிலிருந்து இது வேறுபடும் இடம் அந்தச் சாப்பாட்டுப் பணம். பசித்தால் மாட்டை விற்றுவிடுவார்கள். பசியை அடைத்தால் மாடு தங்கும். அடிப்படைக்குக் கொடுப்பதும் தொழிலுக்குக் கொடுப்பதும் எதிரெதிர் அல்ல.

குத்தம்பாக்கத்தைக் கொண்டாடி முடிக்க எனக்கு விருப்பமில்லை. ஊர்ச் சோப்பு தொலைக்காட்சி விளம்பரச் சோப்போடு போட்டிபோட வேண்டும். உள்ளூரில் உடைத்த பருப்பு, மொத்தமாக வாங்கி விற்கும் கடையின் விலைக்கு இறங்க வேண்டும். மகளிர் குழுக்கள் ஊறுகாயும் மெழுகுவத்தியும் செய்து கண்காட்சிகளில் விற்பதும், கண்காட்சி முடிந்ததும் அடுக்கிவைப்பதும் தமிழ்நாடு முழுக்கப் பார்த்த காட்சி. இன்னொரு பக்கம், ஊர்த் தொழிற்கூடம் தரும் கூலியை ஆலைச் சம்பளம் தோற்கடித்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமே தொழிற்சாலைக் காடாயிற்று. சீருடை, கம்பெனி பஸ், மாதச் சம்பளம் என்றால் எந்த இளைஞர் எண்ணெய் ஆட்டுவார்? போனவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அதுவும் ஒரு சார்புதான் என்பதை நோக்கியா காட்டியது. 2006இல் திறந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014இல் மூடியபோது ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள் வீடு திரும்பினார்கள்.

இவற்றைவிடக் கூர்மையான கேள்வி, ஊர் இளங்கோவைச் சார்ந்திருந்ததா என்பது. வெளியூர்ச் செய்தியாளர்கள் வந்தார்கள், விருதுகள் வந்தன, எழுதப்பட்டதெல்லாம் அவர் பெயரில். அவருக்கும் இது தெரியாமலில்லை. 2001இல் கிராமத் தன்னாட்சிக்கான அறக்கட்டளையை அமைத்ததும், மற்ற ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சியளிக்கப் பஞ்சாயத்து அகாடமி நடத்தியதும் அதற்கான பதில்தான். பதில் எவ்வளவு பலித்தது? தலைவர்களுக்கு ஐந்தாண்டுதான், இடஒதுக்கீட்டுச் சுழற்சியில் தொகுதி மாறும், பயின்றவர் மறுமுறை நிற்க முடியாமலே போகலாம். ஆளைப் பயிற்றுவது நல்லதுதான், ஆனால் அதிகாரம் ஆளிடம் அல்லாமல் கிராம சபையிடம் தங்கினால்தான் பயிற்சி அடுத்தவருக்குக் கைமாறும். சாக்கடை விவகாரத்தில் கிராம சபை எழுந்து நின்றது என்பதால், குத்தம்பாக்கத்தில் கொஞ்சமாவது அது நடந்திருக்கிறது என்று சொல்லலாம்.

அந்தச் சபைக்குப் பின்னால் வந்த சோதனைகள் பெரியவை. சென்னையின் மேற்குப் புறநகர் நகராட்சிகளின் குப்பையைக் கொட்ட ஊரின் மேய்ச்சல் நிலம் குறிவைக்கப்பட்டது. ஏரிக்குப் பக்கத்தில் குப்பைமேடா என்று ஊர் எதிர்த்தது, நீதிமன்றம் ஏறியது. பிறகு சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) பல நூறு கோடி ரூபாய் மதிப்பில் வெளியூர்ப் பேருந்து முனையத்தை அங்கே கட்டத் தொடங்கியது. முனையம் வந்தால் டீக்கடை வரும், லாட்ஜ் வரும், நிலத்தின் விலை ஏறும். விற்க நிலம் உள்ளவர்களுக்கு அது அதிர்ஷ்டம். நிலமில்லாதவருக்கு என்ன? முனையத்துக் கடைகளில் எத்தனை ஊர் மகளிர் குழுக்களுக்கு, துப்புரவும் பராமரிப்பும் யாருக்கு, பயணிகள் செலவிடும் பணத்தில் ஊரில் தங்குவது எவ்வளவு என்று கேட்கும் இடம் கிராம சபை. பதில் சொல்லும் கட்டாயம் அதற்கு வெளியே இருப்பவர்களுக்குச் சட்டத்தில் இல்லை. தலைவரை நீக்க மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் தரும் ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு மட்டும், சாக்கடை கட்டிய காலத்தில் இருந்ததுபோலவே, புத்தகத்தில் இருக்கிறது.